கடைசிப் பை

தபால்காரப் பெண் வரும் நேரம் பார்த்து பெர்னார்ட் ஹாலம் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். வயிற்றில் கோளாறு எதுவும் கிடையாது. வாசல் கதவின் துவாரம் வழியாகக் கடிதங்கள் விழுந்து, வெளிக் கேட்டும் சாத்தப்பட்ட பிறகுதான் எழுந்து வருவார். டெர்பிஷயர் குன்றுகளுக்கு அடியில் கிடக்கும் எங்கள் ஊரில் ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவர் அவர். கால்பந்து ஆட்டம் முடிந்து கூச்சல் போட்டுக்கொண்டு வரும் குடிகாரக் கும்பலை ஒற்றை ஆளாகக் கீழே இறக்கிவிட்டு வண்டியை எடுத்த மனிதர். அப்படிப்பட்டவர் மேண்டி என்ற சின்னப் பெண்ணுக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தார் என்றால், அதற்குக் காரணம் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு துணிப் பை.

பெர்னார்ட் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, போகப் போகச் சொல்ல வாய் வராது. பனி கொட்டும் நாளில் பக்கத்து வீட்டு வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். மனைவி மோரீனுக்குக் காலை டீயைப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் ஒரு குணம் உண்டு. யாராவது கேலியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், எல்லோரோடும் சேர்ந்து தானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதை ஊறப் போடுவார். மற்றவர்கள் மாங்காயை ஊறப் போடுகிற மாதிரி. வருஷக்கணக்கில் அது உள்ளே கிடக்கும், காரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அவருடைய ஜாடியில் இருந்ததெல்லாம் அநேகமாகக் கிளிஃப் ராக் போட்டது. கிளிஃபும் அவரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். பெர்னார்ட் பந்தை உதைத்தால் யார் வீட்டு ஜன்னலோ உடையும், கிளிஃப் உதைத்தால் கோல். நடனக் கூடத்துக்குப் போனால் கிளிஃப் ஆடுவார், பெர்னார்ட் எல்லோருடைய கோட்டையும் பார்த்துக்கொள்வார். எனிட்டைக்கூட முதலில் பார்த்தது பெர்னார்ட்தான், கல்யாணம் செய்துகொண்டது கிளிஃப். அதில் பெர்னார்டுக்கு வருத்தம் இல்லை. மோரீன் கிடைத்ததே தன் அதிர்ஷ்டம் என்று அவர் வாயாலேயே சொல்லுவார். வருத்தமெல்லாம் பீர் விஷயத்தில்தான்.

எங்கள் ஊரில் ஒரு பீர் சங்கம் உண்டு. சங்கம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் கிளிஃப் வீட்டு கராஜில் கூடுகிற ஏழெட்டுப் பேரும், ஒரு செப்பு அண்டாவும்தான். ஒரு காலத்தில் துணி வேகவைத்த அண்டா அது. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றை அதில் ஊற்றி, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க விடுவார்கள். கசப்பும் வாசனையும் அந்தப் பூவின் புண்ணியம். பூவை அப்படியே அள்ளிக் கொட்டினால் இதழ் உதிர்ந்து அண்டாவின் குழாயை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அப்படி அடைத்துக்கொண்டபோது, கசாப்புக்கடை கீத் குனிந்து குழாயில் வாய் வைத்து ஊதினான். உதடு வெந்து, ஒரு வாரம் அவனால் யாரையும் திட்ட முடியவில்லை. ஊரே நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் மஸ்லின் துணியில் பை தைத்துக்கொண்டார்கள். பூவை உள்ளே திணித்து, வாயைச் சுருக்கிக் கட்டி, அண்டாவின் குறுக்கே வைத்த துடைப்பக் கழியிலிருந்து கயிற்றில் தொங்க விடுவது. சாறு கொதிக்கும், பூ வேகும், கடைசியில் பையை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. பையில் இன்னொரு வசதியும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது.

கிளிஃபின் பீர் தேன் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். பெர்னார்டின் பீர் பரவாயில்லை என்று சொல்லும்படி இருக்கும், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு கோடையில், எல்லோரும் குடும்பத்தோடு கூடியிருந்தபோது, கிளிஃப் பெர்னார்டின் பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். சப்புக் கொட்டினார்.

"பெர்னி, இதைக் கீழ கொட்டிடாத. சாசர்ல ஊத்தி லெட்டூஸ் பாத்தியில வை. நத்தைங்க சந்தோஷமா வந்து விழுந்து சாகும்!"

லெட்டூஸைத் தின்ன வரும் ஓடில்லாத நத்தைகளுக்கு நாங்கள் வைக்கும் பொறி, குடிக்க லாயக்கில்லாத பீர்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மோரீனும் சிரித்தாள். பெர்னார்டும் சிரித்தார். அன்றிலிருந்து அவருடைய பீருக்கு நத்தை பீர் என்று பெயர் வந்துவிட்டது. கடைக்குப் போனால் கீத் எலும்பை வெட்டிக்கொண்டே, "என்ன பெர்னி, நத்தைங்கல்லாம் சௌக்கியமா?" என்பான். கிளிஃப் அதைச் சொன்ன கையோடு மறந்திருப்பார். பெர்னார்ட் ஊறப் போட்டார்.

பிறகு கிளிஃபுக்கு நுரையீரலில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கு அதிகம் போனது பெர்னார்ட்தான். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பஸ் கதைகள் சொல்லுவார். கிளிஃப் போன அன்று தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அழுகையும் உண்மை, ஜாடிக்குள் கிடந்ததும் உண்மை. ஒரு மனிதருக்குள் இரண்டும் அக்கம் பக்கத்தில் குடியிருந்தன, அதுதான் வினை.

சங்கத்தில் யாராவது போய்விட்டால் ஒரு வழக்கம் உண்டு. சாம்பலைத் தூவும் நாளில் குடிப்பதற்கென்று எல்லோருமாகச் சேர்ந்து ஒரே அண்டாவில் பீர் காய்ச்சுவார்கள். ஆளுக்கு ஒரு பை. தன்னிடம் இருப்பதிலேயே நல்ல பூவைக் கொண்டுவர வேண்டும். யார் பையில் என்ன என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் மரியாதையில்லை. முதலில் இறங்கும் பைகள் நெடுநேரம் கொதித்து, வாசனையெல்லாம் ஆவியோடு போய்விட, கசப்பை மட்டும் விட்டுவைக்கும். இறக்குவதற்குச் சற்று முன் போடுகிற கடைசிப் பையின் வாசனைதான் கோப்பை வரைக்கும் வந்து மூக்கில் ஏறும். கடைசிப் பை எப்போதும் சங்கத் தலைவருடையது, அதாவது கீத்துடையது.

பெர்னார்டிடம் நல்ல பூ இருந்தது. புது அறுவடை, பச்சை மாறாதது, குளிர்பெட்டியில் பட்டாணிக்கு அடியில் பத்திரமாக. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சங்கத்தில் சுவைத்துப் பார்க்கும் போட்டி நடக்கும். இந்த வருஷம் கிளிஃப் இல்லை. இந்த வருஷமாவது முதலாவதாக வரலாம் என்று அவர் மனது, நண்பனின் சாம்பல் ஆறுவதற்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டது. அந்த எண்ணம் வந்தபோது அவருக்கே கூசியது. கூசியதே தவிர, கை பட்டாணிக்கு அடியில் போகவில்லை. தோட்டத்துக் கொட்டகையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் எப்போதோ பிரித்துப் போட்ட பாக்கெட் ஒன்று கிடந்தது. பூ பழுப்பாகப் பொடிந்துபோயிருந்தது. முகர்ந்தால் புளித்த பாலாடைக் கட்டியும் மழையில் நனைந்த காலுறையும் சேர்ந்தாற்போல் ஒரு நாற்றம்.

என் பை முதலிலோ இரண்டாவதாகவோ போகும், கொதிக்கிற கொதியில் நாற்றமெல்லாம் பறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

"நத்தை பீர்க்காரன் குடுக்குற பூ. அவனுக்கு இது போதும்," என்று கொட்டகையில் தனியாக நின்றபடி வாய்விட்டே சொன்னார். பழைய பூவைப் பையில் திணித்து இறுக்கிக் கட்டினார். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர், செத்துப்போன நண்பனைப் பழிவாங்கிய லட்சணம் இது.

காய்ச்சும் நாளில் மேண்டி காலையிலேயே வந்துவிட்டாள். எங்கள் தெருக்களுக்கெல்லாம் தபால் போடுகிற பெண். ஒருநாள் கடிதம் கொடுக்க வந்தவள், கராஜிலிருந்து வந்த சாற்றின் மணத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கிளிஃப் ஒரு குவளையில் சூடாக ஊற்றிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை அவளே ஒரு மூட்டை முளைகட்டிய பார்லியோடு வந்து நின்றாள். சங்கத்தில் சேர்ந்த முதல் பெண் அவள்தான், கடைசியாகச் சேர்ந்தவளும் அவள்தான். புதிதாக வந்தவர் தலையில்தான் பீர் நொதிக்கிற பீப்பாயைக் கழுவும் வேலையும், அண்டாவின் மூடியைப் பிடிக்கும் வேலையும். கிளிஃபுக்காக என்பதால் அவள் அதை முகம் சுளிக்காமல் செய்தாள்.

ஒவ்வொரு பையாக இறங்கியது. பெர்னார்ட் தன் பையை நீட்டப் போன சமயம், எனிட் டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பெர்னி, நீ இரு. உன்னோடது கடைசில போடணும்."

"என்னோடதா? கடைசி கீத்தோடதுதானே, எனிட்? அதான வழக்கம்."

"வழக்கம் கெடக்குது. கிளிஃப் சொல்லிட்டுப் போனது, கண்ணு. கடைசிப் பை பெர்னி போடட்டும்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு."

பெர்னார்டின் முகத்தில் ஈயாடவில்லை. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து கீத் அவர் முதுகில் தட்டினான். "போடுய்யா, போடு. இன்னிக்கு நத்தை ஜோக் கெடையாது, சத்தியமா."

அந்த நொடியில் ஒரு பொய் போதுமாயிருந்தது. பை கிழிந்திருக்கிறது, தவறான பையை எடுத்து வந்துவிட்டேன், வீட்டுக்கு ஓடிப் போய் வந்துவிடுகிறேன் என்று எது சொல்லியிருந்தாலும் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். குளிர்பெட்டி நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் சுற்றி நின்று பார்க்கும்போது பெர்னார்டுக்கு நாக்கு எழவில்லை. முறை வரும்வரை பையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். வந்ததும் மேண்டி மூடியைத் தூக்க, இறக்கினார். ஆவி குபுகுபுவென்று எழும்பியது. மேண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெர்னார்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார். எனிட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாம்பல் தூவும் நாளில் குன்றின் மேல் நல்ல வெயில். சாம்பலைத் தூவும்வரை அந்த பீரை யாரும் சுவைப்பதில்லை என்பது வழக்கம், அதனால் பீப்பாயை அங்கேதான் முதலில் திறந்தார்கள். எனிட் சாம்பலைத் தூவி முடித்து, காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கீத் முதல் கோப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் ஊற்றினான்.

"கிளிஃபுக்கு," என்றார்கள்.

குடித்தார்கள். ஒருவர் கோப்பைக்குள் பார்த்தார். இன்னொருவர் புல்லைப் பார்த்தார். எனிட் இன்னொரு வாய் குடிக்க முயன்று, முடியாமல், கோப்பையை மெல்லத் தாழ்த்தினாள். அந்த நாற்றம் பெர்னார்டுக்குத் தன் கொட்டகையையே யாரோ மேலே தூக்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. யாராவது வாயைத் திறந்தால் அடுத்த பேச்சு கடைசிப் பை பற்றியதாகத்தான் இருக்கும். நாக்கில் சனி உட்கார்ந்தது.

"நம்ம மேண்டி, பைக்குப் பதிலா தன்னோட சாக்ஸைத் தொங்க விட்டுட்டா போல!" என்றார்.

வெடித்துச் சிரித்தார்கள். துக்கத்தில் இறுகிக் கிடந்தவர்களுக்கு அது ஒரு திறப்பாக இருந்திருக்கும். எனிட்கூட அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "காலைலேர்ந்து தெருத் தெருவா நடந்த சாக்ஸாச்சே, சாறு எறங்காம என்ன பண்ணும்!" என்றான் கீத். பீப்பாய் கழுவியது யார் என்று யாரோ கேட்டார்கள். மேண்டியின் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்துபோனது. பெர்னார்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு எனிட்டைப் பார்த்தாள்.

"பீப்பாய் நான்தான் கழுவினேன். மன்னிச்சிடுங்க, எனிட்," என்றாள்.

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்த வாரமே அவளுக்கு சாக்ஸ் என்று பெயர் விழுந்தது. "இன்னிக்கு என்ன கடிதம், சாக்ஸ்?" என்று வாசலுக்கு வாசல் கேட்டார்கள். கடிதத்தை வாங்கி முகர்ந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். அவளுடைய சைக்கிள் கைப்பிடியில் யாரோ ஒரு பழைய காலுறையைக் கட்டிவிட்டார்கள். அவள் அவிழ்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். கிளிஃபின் பீரைக் கெடுத்தவள் என்ற பேச்சு, கிளிஃபை ஒருநாளும் பார்த்திராதவர்கள் வாயிலும் புரண்டது.

பெர்னார்ட் கழிப்பறையில் உட்கார ஆரம்பித்தது அப்போதுதான். நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நத்தையை எத்தனை வருஷம் மறக்காமல் வைத்திருந்தார் என்பது மட்டும் அப்போது ஞாபகம் வரவில்லை. மோரீன் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை.

இலையுதிரத் தொடங்கிய ஒரு காலையில், டீயை வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"அந்தத் தபால் பொண்ணு வேற தெருவுக்கு மாத்தித் தரச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாளாம். மலைக்கு அந்தாண்ட, பண்ணை வீடுங்க பக்கம். மழை, நாய், ஏத்தம். யாராவது விரும்பிக் கேப்பாங்களா அத? ஊர் வாய்க்குப் பயந்து ஓடுறா."

பெர்னார்ட் காலித் தட்டை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

"பெர்னி, நீதானே அந்த ஜோக்கை ஆரம்பிச்சு வெச்ச? போய் ஒரு வார்த்தை சொல்லேன். விளையாட்டுக்குச் சொன்னேன்னு."

விளையாட்டுக்கா! அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தான் செய்ததை அவளிடம் சொன்னார். மோரீன் டீயைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடமிருந்து அப்படித் தள்ளி உட்கார்ந்ததில்லை.

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகும்? சனிக்கிழமை கராஜுக்குப் போ," என்றாள்.

சனிக்கிழமை போனார். கிளிஃப் இல்லாவிட்டாலும் எனிட் கராஜைப் பூட்டவில்லை. அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. எனிட் வழக்கம்போல் டீ கொண்டுவந்திருந்தாள். பெர்னார்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கிளிஃப் பீர் கெட்டதுக்கு மேண்டி காரணம் இல்ல. என் பைதான். பழைய பூ போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

பிறகு கீத் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டான்.

"பாத்தீங்களாடா மனுஷனை! அந்தப் பொண்ணு ஊரை விட்டுப் போறான்னு கேள்விப்பட்டு, பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்குறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்ல கீத், நான் நெஜமாத்தான்..."

"விடுய்யா, தெரியும். நீயாவது, கிளிஃபுக்குப் பழைய பூ போடுறதாவது? கூடப் பொறந்த மாதிரி இருந்தீங்க." அவன் எல்லோரையும் பார்த்து, "இனிமே யாரும் சாக்ஸ்னு கூப்பிடக் கூடாது. பெர்னி மூஞ்சிக்காக. என்ன?" என்றான்.

கை தட்டினார்கள். ஒருவர் அவருக்குக் கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தார். எனிட் வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "நல்ல மனசுடா கண்ணு உனக்கு," என்றாள். பெர்னார்டுக்கு அண்டாவுக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது. அவர் கேட்டது இதுதானே, மேண்டியை விட்டுவிட வேண்டும் என்பது. விட்டுவிட்டார்கள். கூடவே அவருக்கு நல்லவர் பட்டமும். கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் மேண்டி பீரைக் கெடுத்தவளாகவே இருப்பாள், மன்னிக்கப்பட்டவளாக வேறு இருப்பாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். வலிக்கிற முழங்காலோடு வேகமாக நடந்து, கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களைத் தள்ளி, மிச்சமிருந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். வந்ததும் அதைப் பிரித்து முதலில் கீத்தின் மூக்குக்கு அடியில் நீட்டினார்.

"மோந்து பாரு."

கீத் முகர்ந்தான். சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோனது. பாக்கெட் கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள், யாரும் பெர்னார்டைப் பார்க்கவில்லை. கடைசியில் அது எனிட்டிடம் வந்தது. அவளுக்கு முகரவே தேவைப்படவில்லை.

"ஏன் பெர்னி?" என்றாள்.

அந்தக் காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மோரீனிடம்கூட விழுங்கியிருந்தார். இப்போது சொல்லியாக வேண்டும்.

"அன்னிக்கு... கோடையில... என் பீரை நத்தைக்கு ஊத்துன்னு சொன்னான்ல."

இத்தனை வருஷம் உள்ளே அவ்வளவு பெரிதாகக் கிடந்த வார்த்தை, வெளியே வந்ததும் சுண்டைக்காய் அளவுகூட இல்லை. கீத்தின் முகத்தில் வெறுப்புக்கூட வரவில்லை, வெட்கம்தான் வந்தது, அவருக்காக. எனிட் பாக்கெட்டின் வாயை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"அந்தாளு யாரத்தான் சொல்லாம விட்டாரு? என் சமையலை நாய்கூடத் திங்காதுன்னு கல்யாண நாள்ளயே சொன்னாரு." அவள் குரல் உடைந்தது. "உன் கையால கடைசிப் பை போடணும்னு ஆசப்பட்டாரு பெர்னி. போ. அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு. எனக்கு இப்ப உன்னப் பாக்க முடியல."

திங்கட்கிழமை காலையில் பெர்னார்ட் கழிப்பறைக்குள் போகவில்லை. வாசல் கேட்டருகே போய் நின்றார். மேண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். அவரைக் கண்டதும் தயங்கினாள், பிறகு வந்தாள். அவர் எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார். பழைய பூ, தெரிந்தே போட்டது, எனிட்டிடமும் மற்றவர்களிடமும் சொன்னது எல்லாம்.

"மன்னிச்சிடு, கண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு மட்டும்தான் தெரியும்கிற தைரியத்துல இருந்துட்டேன்."

"எனக்கும் தெரியும், மிஸ்டர் ஹாலம்."

"எனிட் சொன்னாளா?"

"யாரும் சொல்லல. மூடியப் பிடிச்சிட்டு நின்னது நான்தானே. உங்க பை உள்ள எறங்கினப்பவே நாத்தம் மூஞ்சில அடிச்சுது."

"அப்ப... அப்பவே சொல்லியிருக்கலாமே நீ?"

"உங்களுக்கு ஜலதோஷம்னு நெனச்சேன்." அவள் கடிதக் கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக்கொண்டே பேசினாள், குரலை உயர்த்தவில்லை. "அழுது அழுது மூக்கடைச்சிருக்கும், பழைய பாக்கெட்டத் தெரியாம எடுத்துட்டு வந்துட்டாரு, பாவம்னு தோணுச்சு. எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. கிளிஃப் உங்களத்தான் போடச் சொல்லியிருக்காரு. அந்த நேரத்துல போய் உங்கள எப்படி அசிங்கப்படுத்துறது? குன்று மேலயும் அதான் நெனச்சேன். யாராச்சும் கேட்டா, பீப்பாய் நான் சரியா கழுவலன்னு சொல்லிடலாம், நான் புதுசுதானே, பெருசா எடுத்துக்க மாட்டாங்கன்னு."

அவள் ரப்பர் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

"அப்புறம் நீங்க அந்த சாக்ஸ் ஜோக்கைச் சொன்னீங்க. அப்பத்தான் உங்க மூக்கு நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சுது."

கராஜில் பாக்கெட் கைமாறியபோது வந்ததுதான் அவமானம் என்று பெர்னார்ட் நினைத்திருந்தார். அதெல்லாம் ஒன்றுமேயில்லை. தன்னைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டிருந்த ஒருத்தியைத்தான் அவர் அத்தனை பேருக்கு முன்னால் தள்ளிவிட்டிருக்கிறார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவளுடைய சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போக வேண்டாம் மேண்டி. எல்லாருக்கும் சொல்லியாச்சு. இனிமே யாரும் உன்ன அப்படிக் கூப்பிட மாட்டாங்க. சங்கத்துக்கு வா."

"அவங்க கூப்பிட்டதுக்காகப் போறேன்னா நெனச்சீங்க?" என்றாள். "தினம் காலைல உங்க கதவுகிட்ட வந்து நிக்க வேண்டியிருக்கு. எனக்கு அதான் முடியல."

இரண்டு கடிதங்களை அவர் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.